400 அடிக்கும் 500 அடிக்கும் நடுவில்

அனகாபுத்தூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது விமானத்தின் சக்கரங்களை எண்ணலாம். காற்று கிழக்கிலிருந்து வீசும் மாதங்களில், மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதையில் இறங்க வரும் விமானங்கள் எங்கள் பக்கமாகத்தான் தாழ்ந்து வரும். காற்று மேற்கிலிருந்து வீசத் தொடங்கினால் அதே வழியாக ஏறிப் போகும். பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு, விமானம் கடந்த பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வது இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பழகிப்போன ஒன்று.

அண்ணன் மகன் கல்யாண வீடியோ எடுப்பவன். தை மாத முகூர்த்தங்களுக்காகப் புதிதாக வாங்கிய டிரோனைத் தூக்கிக்கொண்டு வந்தான். எங்கள் மாடியிலிருந்து ஒருமுறை பறக்கவிட்டுப் பார்க்க ஆசை. வேண்டாம் என்றேன். "சித்தப்பா, விமானம் முப்பதாயிரம் அடியில் பறக்கிறது. இது போனால் முந்நூறு அடி போகும். இரண்டும் எப்படிச் சந்திக்கும்?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. டிரோன் வாங்குகிற பெரும்பாலோர் மனத்தில் இருப்பதும் இதுதான். அன்று அவனிடம் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

தாழப் பறப்பவர்கள்

முப்பதாயிரம் அடி என்பது பயணத்தின் நடுப்பகுதிக் கணக்கு. எல்லா விமானமும் தரையிலிருந்து கிளம்பித் தரைக்கே திரும்புகிறது. ஓடுபாதையை நோக்கி இறங்கும் விமானம் பொதுவாக 3 பாகைச் சரிவில் வரும். தரை தொடும் இடத்துக்கு 5 கிலோமீட்டர் முன்பு அது சுமார் 860 அடி உயரத்தில் இருக்கும். 2 கிலோமீட்டர் முன்பு 345 அடிதான். அண்ணன் மகன் சொன்ன முந்நூறு அடிக்கும் இதற்கும் உள்ள இடைவெளி ஒரு நான்கு மாடி வீட்டின் உயரம்.

இது பெரிய பயணிகள் விமானத்தின் கதை. அதற்காவது போகும் வழி வகுக்கப்பட்டிருக்கிறது. கட்டுப்பாட்டு அறையின் ரேடார் திரையில் கடைசி வரை தெரிகிறது. சிறு விமானங்களின் வாழ்க்கையோ பெரும்பாலும் தாழ்வான வானத்தில்தான். இரண்டு அல்லது நான்கு இருக்கை, மூக்கில் ஒரே ஒரு இன்ஜின், அதில் ஒரு புரொப்பல்லர், விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளும் ஒரு மாணவர், பக்கத்தில் ஒரு பயிற்றுநர். இதுதான் வழக்கமான பயிற்சி விமானம். ஓடுபாதையை ஆயிரம் அடி உயரத்தில் சுற்றிச் சுற்றி வந்து, இறங்கி, மறுபடி ஏறுவதே இவர்களின் பாடம்.

சென்னைக்கு இது புதிதல்ல. மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப் 1930-ல் தொடங்கியது. இன்றும் நம் தலைக்கு மேல் பயணிகள் விமானங்களைத் தவிர வேறு பலரும் பறக்கிறார்கள். தாம்பரம் விமானப்படைத் தளத்தில்தான் பறப்புப் பயிற்றுநர்களுக்கே பயிற்சி நடக்கிறது. கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானங்கள் மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பிக் கடலோரமாகத் தாழப் பறந்து கண்காணிக்கின்றன. அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து ஹெலிகாப்டர்கள் வருகின்றன. 2025 ஜனவரியில் கோவளத்தை ஒட்டிய திருவிடந்தையில் வெப்பக்காற்றுப் பலூன் திருவிழா நடந்தது. பலூனுக்கு ஸ்டியரிங் கிடையாது. காற்று கொண்டுபோகும் பக்கம் அது போகும். ஏறவும் இறங்கவும் மட்டுமே அதன் விமானியால் முடியும். எதிரே ஒரு டிரோன் வந்தால் அவர் எங்கே விலகுவார்?

ஒரு கிலோ என்ன செய்துவிடும்?

"பறவை மோதினால் தாங்குகிறதே, பிளாஸ்டிக் மோதினால் என்ன?" என்பது அடுத்த கேள்வி. முதலில் ஒரு சிறு கணக்கு. 160 கிராம் கிரிக்கெட் பந்தை ஒரு வேகப்பந்து வீச்சாளர் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால் அதன் இயக்க ஆற்றல் சுமார் 121 ஜூல். ஹெல்மெட் இல்லாமல் அதை எதிர்கொள்ள யாரும் துணிய மாட்டார்கள். 900 கிராம் எடையுள்ள டிரோன் அந்தரத்தில் அசையாமல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு இருக்கைச் சிறு விமானம் மணிக்கு 220 கிலோமீட்டர் வேகத்தில் வந்து அதில் மோதினால் ஆற்றல் சுமார் 1,700 ஜூல். கிரிக்கெட் பந்தைப்போல 14 மடங்கு. டிரோன் சும்மா நின்றாலே இவ்வளவு. எதிர்த்து வந்தால் இன்னும் அதிகம்.

அடுத்தது, மோதும் பொருள் எது என்பது. பறவையின் உடலில் பெரும்பகுதி நீர். மோதிய வேகத்தில் அது சிதறிப் பரவிவிடும்; அடி ஒரே இடத்தில் குவியாது. டிரோனுக்குள் இருப்பவை உலோக மோட்டார்கள், கேமரா, கட்டியான லித்தியம் பேட்டரி. இவை சிதறாமல் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். 2018-ல் அமெரிக்காவின் டேட்டன் பல்கலைக்கழக ஆய்வு நிறுவனம், சுமார் ஒரு கிலோ எடையுள்ள டிரோனை ஒரு மூனி எம்20 சிறு விமானத்தின் இறக்கைமீது மணிக்கு 380 கிலோமீட்டருக்கும் சற்று அதிகமான வேகத்தில் ஏவிச் சோதித்தது. டிரோன் இறக்கையின் முன்விளிம்பைக் கிழித்து உள்ளே புகுந்து, இறக்கையின் முதுகெலும்பான முதன்மை உத்தரத்தைச் சேதப்படுத்தியது. அதே எடையுள்ள செயற்கைப் பறவை மேற்பரப்பை அதிகமாக நசுக்கியது. ஆனால் அவ்வளவு ஆழமாகப் போகவில்லை. சோதனையில் வைத்த வேகம் நடைமுறைக்கு ஒவ்வாதது என்று அந்த டிரோனைத் தயாரித்த நிறுவனம் மறுத்தது. மறுப்பில் கொஞ்சம் நியாயம் உண்டு. சிறு விமானங்கள் தரையருகே அவ்வளவு வேகமாகப் பறப்பது குறைவு. ஆனாலும் டிரோன் பறவையைவிட ஆழமாகத் துளைக்கிறது என்ற கண்டறிதல் அதனால் பொய்யாகிவிடவில்லை.

விமானி உட்கார்ந்திருக்கும் இடத்தையும் பாருங்கள். பயணிகள் ஜெட் விமானத்தின் முன்கண்ணாடி, 4 பவுண்டு எடைப் பறவை மோதினாலும் உடைந்து உள்ளே வரக்கூடாது என்பது தரச்சான்று விதி. பல அடுக்குகள் கொண்ட தடித்த கண்ணாடி அது. நான்கு இருக்கைச் சிறு விமானங்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்படியொரு சோதனை கட்டாயமாக இருந்ததே இல்லை. அவற்றின் முன்கண்ணாடி வெறும் அக்ரிலிக் தகடு. அதற்குப் பின்னால் இருப்பது விமானியின் முகம். ஹெலிகாப்டர் என்றால் வால் விசிறியையும் நினைத்து அஞ்ச வேண்டும். அது நின்றுபோனால் உடல் சுழலத் தொடங்கிவிடும்.

விமானி ஏன் விலகிப் போகக்கூடாது?

இதை நான் மற்றவற்றைவிடச் சற்று நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். "விமானிக்குக் கண் இல்லையா?" என்ற எண்ணம்தான் பல டிரோன்காரர்களைத் துணிய வைக்கிறது.

சிறு விமானங்கள் பெரும்பாலும் கண்ணை நம்பிப் பறப்பவை. "பார், விலகு" என்பதே அவர்கள் கற்கும் முதல் பாடம். ஒரு பொருளைக் கண்டு, அது என்னவென்று உணர்ந்து, மோதப்போகிறோம் என்று புரிந்துகொண்டு, எந்தப் பக்கம் திரும்புவது என முடிவு செய்து, கையையும் காலையும் அசைத்து, விமானம் திரும்பத் தொடங்குவதற்கு மொத்தம் 12.5 விநாடி ஆகும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் தன் விமானிகளுக்குச் சொல்லித் தருகிறது. மணிக்கு 220 கிலோமீட்டரில் பறக்கும் விமானம் 12.5 விநாடியில் ஏறக்குறைய 765 மீட்டர் போய்விடும். அதாவது 765 மீட்டருக்கு அப்பாலேயே டிரோன் கண்ணில் பட்டாக வேண்டும்.

35 சென்டிமீட்டர் அகல டிரோன் 765 மீட்டர் தூரத்தில் எவ்வளவு பெரிதாகத் தெரியும்? கையை முன்னால் நீட்டி ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். அதில் கால் மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு புள்ளி வையுங்கள். அவ்வளவுதான். கூர்மையான பென்சில் முனை தொட்ட தடம். அதைக் கட்டடங்களும் மரங்களும் தண்ணீர்த் தொட்டிகளும் நிறைந்த சென்னையின் பின்னணியில், ஆடிக்கொண்டிருக்கும் விமானத்திலிருந்து, கருவிகளையும் வானொலியையும் கவனித்துக்கொண்டே கண்டுபிடிக்க வேண்டும்.

இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. நம் கண் அசைவதைத்தான் முதலில் பிடிக்கும். கொசு பறந்தால் தெரியும். சுவரில் ஒட்டியிருந்தால் தெரியாது. இரண்டு பொருள்கள் நேர்கோட்டில், ஒரே சீரான வேகத்தில், மோதும் பாதையில் வந்துகொண்டிருந்தால், ஒன்றிலிருந்து பார்க்கும்போது மற்றது இடம் மாறவே மாறாது. முன்கண்ணாடியில் அதே இடத்தில் அசையாத புள்ளியாக நிற்கும். கடைசி ஓரிரு விநாடிகளில் திடீரென்று பெரிதாகும். கண்ணாடியில் நகர்ந்துகொண்டிருக்கும் புள்ளி உங்கள்மேல் மோதாது. நகராமல் நிற்பதுதான் மோதும். கண்ணுக்கு மிக எளிதில் தப்புவதும் அதுவே.

ரேடாரிலோ இன்னொரு கருவியிலோ தெரியாதா? விமானங்களில் டிரான்ஸ்பாண்டர் என்ற கருவி இருக்கும். "நான் இங்கே இருக்கிறேன், இந்த உயரத்தில்" என்று அது பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். மோதல் தவிர்ப்புக் கருவி அந்தப் பதிலைக் கேட்டுத்தான் எச்சரிக்கும். கடையில் வாங்கும் டிரோனில் அந்தக் கருவி கிடையாது. வழக்கமான ரேடாருக்கோ அது மிகச் சிறியது. பறவையா டிரோனா என்று பிரித்தறிவதும் கடினம்.

கீழே நிற்பவருக்கு நிலைமை வேறு. ஒரு சிறு விமானத்தின் சத்தம் அது தெரிவதற்கு முன்பே காதில் விழும். அண்ணாந்து பார்த்தால் பத்து மீட்டருக்கும் அகலமான இறக்கை தெரியும். கையில் இருக்கும் குச்சியைக் கீழே இழுத்தால் டிரோன் இறங்கிவிடும். யாரால் பார்க்க முடிகிறதோ, யாரால் எளிதாக விலக முடிகிறதோ, அவர்தான் விலக வேண்டும். இந்திய விதியும் இதையே சொல்கிறது: ஆள் ஏறிய விமானத்துக்கே வழியுரிமை, டிரோன் அதிலிருந்து ஒதுங்கியிருக்க வேண்டும்.

அந்த நூறு அடி

இப்போது தலைப்புக்கு வருகிறேன். பல நாடுகளைப்போல இந்தியாவிலும் சாதாரணமாக டிரோன் பறக்கக்கூடிய உச்சவரம்பு தரையிலிருந்து 400 அடி, அதாவது 120 மீட்டர். கண்ணை நம்பிப் பறக்கும் விமானங்கள் நகரங்களுக்கு மேல், 600 மீட்டர் தூரத்துக்குள் உள்ள மிக உயரமான தடையைவிட 1,000 அடி மேலே பறக்க வேண்டும். திறந்தவெளியில் 500 அடிக்குக் குறையக் கூடாது. இது பன்னாட்டு விதி. ஏறும்போதும் இறங்கும்போதும் இது பொருந்தாது. ஆக, திறந்தவெளியில் இருவருக்கும் நடுவே விட்டுவைத்த இடம் நூறு அடி. இந்த இடைவெளியை நம்பித்தான் உலகம் முழுவதும் இந்த ஏற்பாடு நடக்கிறது.

அந்த நூறு அடி எப்படிக் கரைகிறது என்று பாருங்கள். டிரோனின் திரையில் தெரியும் உயரம் அது கிளம்பிய இடத்திலிருந்து அளந்தது. பழைய மகாபலிபுரம் சாலையில் 20 மாடிக் குடியிருப்பின் உச்சியிலிருந்து கிளப்பினால், மாடியே தரையிலிருந்து சுமார் 60 மீட்டர் உயரம். திரை 120 மீட்டர் என்று காட்டும்போது டிரோன் உண்மையில் 180 மீட்டரில், ஏறக்குறைய 590 அடியில் நிற்கும். நூறு அடி போயே போயிற்று. பறக்கவிட்டவரோ விதியை மீறவில்லை என்று மனதார நம்பிக்கொண்டிருப்பார்.

விமானியின் பக்கமும் பிழை உண்டு. அவருடைய உயரமானி காற்றழுத்தத்தை வைத்துக் கடல்மட்டத்திலிருந்து கணக்கிடுகிறது. அன்றைய அழுத்தத்தைக் கட்டுப்பாட்டு அறை சொல்லும். அவர் அதைக் கருவியில் பதிப்பார். காற்றழுத்த அலகான ஹெக்டோபாஸ்கல் ஒன்று வித்தியாசம் வந்தாலே ஏறக்குறைய 30 அடி மாறிவிடும். வங்கக்கடலில் புயல் சின்னம் உருவாகும் நாட்களில் அழுத்தம் எவ்வளவு சரியும் என்பது நமக்குத் தெரிந்ததுதான்.

நடந்தவை

2017 செப்டம்பரில் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவு அருகே ஒரு ராணுவ பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்மீது டிரோன் மோதியது. விசிறி இலை நசுங்கியது. ஹெலிகாப்டர் பத்திரமாக இறங்கியது. டிரோனை ஓட்டியவர் சுமார் 4 கிலோமீட்டர் தூரத்தில் நின்றுகொண்டு கையில் இருந்த திரையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். விசாரணை அதிகாரிகள் தேடிச் சென்று சொல்லும்வரை மோதியதே அவருக்குத் தெரியாது. டிரோன் திரும்பி வரவில்லை, எங்கோ விழுந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தார்.

அடுத்த மாதமே கனடாவின் கியூபெக் நகர விமான நிலையத்தில் இறங்க வந்த, 8 பேர் இருந்த ஒரு சிறு விமானத்தின் இறக்கையில் டிரோன் உரசியது. பெரிய சேதம் இல்லை. ஓட்டியவர் யார் என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் நிகழ்ச்சி 2021 ஆகஸ்டில் டொரண்டோவை அடுத்த பட்டன்வில் விமான நிலையத்தில் நடந்தது. பயிற்றுநரும் மாணவரும் இருந்த ஒரு செஸ்னா 172 இறங்கிக்கொண்டிருந்தது. முன்பக்கம் பலமாக ஏதோ அடித்தது. பறவை என்றே இருவரும் நினைத்தார்கள். இறங்கிப் பார்த்தால் இன்ஜின் மூடி நசுங்கியிருந்தது. மோதியது பல கிலோ எடையுள்ள போலீஸ் டிரோன். ஒரு பணிக்காக 400 அடியில் நிறுத்தி வைத்திருந்தார்கள். பொறுப்பில்லாத பையன் ஒருவனின் விளையாட்டு என்று இதைத் தள்ளிவிட முடியாது. பயிற்சி பெற்றவர்கள், உரிமம் உள்ளவர்கள், வானத்தைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளையும் வைத்திருந்தவர்கள். அவர்களுக்கே விமானம் வருவது தெரியவில்லை.

நம் நாட்டில் 2023 நவம்பரில் இம்பால் விமான நிலையத்துக்கு அருகே அடையாளம் தெரியாத பறக்கும் பொருள் தென்பட்டதாகத் தகவல் வந்ததும் சில மணி நேரம் விமானங்களை நிறுத்தி வைத்தார்கள். லண்டன் கேட்விக்கில் 2018 கிறிஸ்துமஸுக்கு முன் இதே காரணத்தால் சுமார் 1,000 விமானப் பயணங்கள் பாதிக்கப்பட்டன. மோதலே நடக்காமல் இவ்வளவு.

விதி என்ன சொல்கிறது?

இந்தியாவில் இப்போது நடைமுறையில் இருப்பது 2021 ஆகஸ்டில் வெளியான டிரோன் விதிகள். எடையை வைத்து ஐந்து வகை: 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறியது, 150 கிலோ வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியது. நானோ ஓட்டவும், மைக்ரோவை வணிகமில்லாத நோக்கத்துக்கு ஓட்டவும் ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. கல்யாண வீடியோவுக்குப் பணம் வாங்கினால் அது வணிகம். 250 கிராமுக்கு மேற்பட்ட டிரோன் என்றால் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனத்தில் படித்துச் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். வயது 18 நிறைந்து, பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். நானோ தவிர மற்றவற்றுக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடும் வேண்டும்.

வானம் மூன்று நிறங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 5 கிலோமீட்டர் வரை சிவப்பு. மத்திய அரசின் அனுமதியின்றி எதுவும் பறக்கக் கூடாது. 5 முதல் 8 கிலோமீட்டர் வரை தரையிலிருந்தே மஞ்சள். கட்டுப்பாட்டு அறையின் அனுமதி வேண்டும். 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடிக்குக் கீழே பச்சை, அதற்கு மேல் மஞ்சள். அதற்கும் அப்பால் 400 அடி வரை பச்சை. ராணுவத் தளங்களும் வேறு முக்கிய இடங்களும் தனியாகச் சிவப்பில் வரும். மாநில அரசும் போலீஸும் தற்காலிகமாக ஓர் இடத்தைச் சிவப்பாக்கலாம். இந்த நிறங்கள் எடை பார்ப்பதில்லை; 249 கிராம் டிரோனுக்கும் சிவப்பு சிவப்புதான்.

சென்னையில் இதன் பொருள் என்ன? ஆலந்தூர், நங்கநல்லூர், பல்லாவரம், குரோம்பேட்டை, பம்மல், எங்கள் அனகாபுத்தூர் எல்லாம் சிவப்புக்குள். தெற்கே தாம்பரம் விமானப்படைத் தளத்தின் வட்டம் இதனோடு ஒட்டிக்கொள்கிறது. கடற்கரை தூரமாயிற்றே என்று பெசன்ட் நகரில் கிளப்புகிறார்கள். அதுவும் 12 கிலோமீட்டருக்குள் வருவதால் 400 அடி என்ற பொதுக்கணக்கு அங்கே செல்லாது. டிரோன்களுக்கான அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் நிற்கும் இடத்தைத் தொட்டுப் பார்க்க ஒரு நிமிடம் ஆகும். விதியை மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். விபத்து நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாத விதி.

சிறு விமானிகளின் கவலை

விதி இருக்கும்போது கவலை எதற்கு? பயிற்றுநராக இருக்கும் நண்பர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். "விதியைப் படித்தவரைப் பார்த்து எனக்குப் பயமில்லை. படிக்காதவர் எங்கே நிற்கிறார் என்று எனக்குத் தெரியாதே, அதுதான் பயம்" என்றார்.

அவர் சொன்னது சரி. அனுமதி இல்லாமல் கிளம்பவே முடியாத மென்பொருள் பூட்டு, இருக்கும் இடத்தை உடனுக்குடன் ஒலிபரப்பும் கருவி, தடைப் பகுதிக்குள் நுழையவிடாத மின்னணு வேலி ஆகியவற்றை 2021 விதிகள் குறிப்பிடுகின்றன. ஆனால் இவற்றைப் பிற்காலத்தில் அறிவிப்பு வெளியிட்டுக் கட்டாயமாக்கலாம் என்ற அளவிலேயே விட்டுவைத்தன. ஒரு மோட்டார் சைக்கிள் நம்பர் பலகை இல்லாமல் சாலைக்கு வரமுடியாத நாட்டில், வானத்தில் இருப்பது யாருடையது என்று கீழிருந்தும் மேலிருந்தும் அறிய வழியில்லை. இதை முதலில் சரிசெய்ய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அமெரிக்காவில் இந்த ஒலிபரப்பு 2024 முதல் கண்டிப்புடன் நடைமுறையில் இருக்கிறது.

இன்னொரு கவலை, கண்ணுக்கெட்டாத தூரம் பறந்து பொருள் கொண்டுசேர்க்கும் டிரோன்கள் பற்றியது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா வெளியிட்ட ஒரு வரைவு விதி, தன் இருப்பிடத்தை மின்னணு முறையில் ஒலிபரப்பாத சிறு விமானத்துக்கு டிரோன் பல இடங்களில் வழிவிட வேண்டியதில்லை என்கிறது. சிறு விமானிகளின் அமைப்புகள் கடுமையாக ஆட்சேபித்தன. பழைய விமானங்கள், கிளைடர்கள், பலூன்கள் பலவற்றில் அந்தக் கருவி இல்லை. பார்க்க முடியாதவர்மேல் விலகும் பொறுப்பைச் சுமத்தினால், நூறாண்டு காலமாக இருந்துவரும் வழியுரிமை தலைகீழாகிறது. இந்தியாவில் அந்த நிலை வரவில்லை. வரும்போது நம் விமானிகளின் குரலும் அந்த மேசையில் இருக்க வேண்டும்.

டிரோனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்கள் உருவாக்கிய டிரோன்களைப் பார்த்துப் பெருமைப்பட்டவன் நான். தமிழ்நாடு அரசு இதற்கென்றே 2022-ல் ஒரு கழகம் தொடங்கியிருக்கிறது. சென்னைக் காவல்துறை 2023-ல் டிரோன் பிரிவு அமைத்தது. வயலில் மருந்து தெளிக்கும் டிரோன் ஓர் உழவரை நஞ்சை முகரவிடாமல் காப்பாற்றுகிறது. இவையெல்லாம் வளர வேண்டும் என்றால் வானம் நம்பத்தகுந்ததாக இருக்க வேண்டும்.

வெள்ள நாட்கள்

2015 டிசம்பரில் அடையாறு பெருகி ஓடுபாதைக்குள் புகுந்தது. விமான நிலையம் 6-ஆம் தேதி வரை மூடிக் கிடந்தது. பயணிகள் விமானங்களை அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து இயக்கினார்கள். நகரத்தின் மேல் ஹெலிகாப்டர்கள் மாடிகளை ஒட்டிப் பறந்து உணவுப் பொட்டலம் போட்டன. 2023-ல் மிக்ஜாம் புயலின்போதும் அப்படித்தான். ஆயிரம் அடி, ஐந்நூறு அடி என்ற கணக்கெல்லாம் மீட்புப் பணியில் இல்லை. ஹெலிகாப்டர் நம் மாடி உயரத்துக்கே வந்து நிற்கும்.

2015-ல் வீட்டுக்கு வீடு டிரோன் இல்லை. இப்போது இருக்கிறது. வெள்ளத்தைப் படம் பிடிக்கும் ஆசையும் இருக்கிறது. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் காட்டுத்தீயைப் பார்க்க ஒருவர் அனுப்பிய டிரோன், தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த தீயணைப்பு விமானத்தின் இறக்கையில் ஓட்டை போட்டது. 250 கிராமுக்கும் குறைந்த வகை டிரோன் அது. நம் கணக்கில் நானோ. விமானம் பத்திரமாக இறங்கியது. ஆனால் ஊர் எரிந்துகொண்டிருந்த நேரத்தில் பழுதுபார்க்க ஒதுக்கப்பட்டது. அடுத்த மழைக்காலத்தில் வேளச்சேரியிலோ முடிச்சூரிலோ ஒரு மாடியில் கைக்குழந்தையோடு காத்திருப்பவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஹெலிகாப்டர் சத்தம் கேட்ட நொடியில் டிரோன் தரையில் இருக்க வேண்டும். மீட்புப் பணி நடக்கும் பகுதியில் அது பைக்குள்ளேயே இருக்க வேண்டும்.

மற்ற நாட்களுக்கும் சில பழக்கங்கள் போதும். டிரோனைத் திரையில் மட்டும் பார்க்காமல் கண்ணால் பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டால் அது தூரம் போய்விட்டது என்று பொருள். வானத்தை மட்டும் கவனிக்க ஓர் ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் கையில் செல்போன் இருக்கக் கூடாது. கம்பி போட்ட கான்கிரீட் தளத்தில் வைத்துக் கிளப்பினால் டிரோனின் திசைகாட்டி குழம்பலாம். மண் தரையே நல்லது. மதியத்துக்குப் பிறகு கடற்காற்று எழும்; மேலே அது இன்னும் பலமாக இருக்கும், மேற்கே தள்ளும். கட்டுப்பாடு இழந்து டிரோன் விமான நிலையப் பக்கம் போய்விட்டால், அபராதத்துக்குப் பயந்து மறைக்காமல் உடனே போலீஸுக்குச் சொல்லுங்கள். ஒரு விமானியை எச்சரிக்க அந்த ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

அண்ணன் மகன் அன்று டிரோனைப் பையிலிருந்து வெளியே எடுக்கவில்லை. வரைபடத்தைத் திறந்து வீட்டைத் தொட்டுப் பார்த்தான், சிவப்பு. அடுத்த வாரக் கல்யாண மண்டபம் பம்மலில். அதையும் தொட்டான், அதுவும் சிவப்பு. பெண் வீட்டாருக்குப் போன் செய்து, மேலிருந்து எடுக்கும் காட்சி இருக்காது, மண்டபத்து மாடியில் நின்று நீளக் கம்பில் கேமரா கட்டி ஊர்வலத்தை எடுத்துத் தருகிறேன் என்றான். அவர் சரி என்றாரா என்று எனக்குக் கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு விமானம் தலைக்கு மேல் இறங்கிக்கொண்டிருந்தது.